தம்பியின் பெயரை எழுதாமல் விட்டேன்

என் தம்பியின் பெயரை நான் எழுதவில்லை. மறந்துபோய் விடவில்லை. கையில் பேனை இருந்தது, பேனையில் மை இருந்தது, கடதாசியில் இடமும் தாராளமாக இருந்தது. எழுதவில்லை, அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செபக் கூட்டங்களில் சாட்சி சொல்கிறவர்கள் தங்கள் பிழையைக் கடைசியில், அதுவும் சீனி பூசிக் கொண்டுவந்து வைப்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போயிற்று.

யுத்த காலத்துக் கொழும்பில் தமிழர் வீடு என்றால் ஒரு கடதாசி இருக்க வேண்டும். வீட்டில் யார் யார், எந்த ஊர், என்ன வேலை என்று வரிக்கு ஓர் ஆளாக எழுதி, பொலிஸில் கொடுத்துச் சீல் குத்தி வாங்கி வைத்திருக்க வேண்டும். ஊரிலிருந்து யாரும் வந்து தங்கினால் அவர் பெயரையும் உடனே சேர்க்க வேண்டும். வீட்டில் ஆள் இருந்து கடதாசியில் பெயர் இல்லையென்றால் அந்த ஆளின் கதி அதோகதிதான். கொட்டாஞ்சேனையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்கும் நன்றாகத் தெரியும்.

நான் யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டுப் பிள்ளை. கொழும்புக்கு வேலைக்கு வந்து, கந்தோரில் கண்ட ஒரு கத்தோலிக்கரைக் கலியாணம் முடித்து, ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டேன். "வேதக்காரிக்கு இந்த வீட்டு வாசல் இல்லை" என்று அப்பா கடிதம் போட்டார். சரி, போகட்டும் என்று இருந்துவிட்டேன். வாய் கொஞ்சம் நீளமென்றாலும் எனக்கு ரோசமும் அதே நீளம். ஆனால் அம்மா செத்ததை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எட்டுச் செலவு முடிந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகு, வெள்ளவத்தைச் சந்தையில் ஊர்க்காரி ஒருத்தி கண்டு, "ஐயோ, உனக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லையோ?" என்றாள். கையில் கத்தரிக்காய்ப் பையோடு நடுச்சந்தையில் நின்று குழறி அழுதேன். அப்பாவுக்கு அப்போது பாரிசவாதம். வீட்டில் முடிவெடுக்கிற ஆண்பிள்ளை என் தம்பிதான். எனக்குத் தந்தி அடிக்க வேண்டாம் என்று முடிவெடுத்தவனும் அவன்தான்.

ஐந்து வருடம் கழித்து அந்தத் தம்பி என் வாசலில் வந்து நின்றான். வெளிநாடு போக அலுவல் பார்க்க வந்தவன். கொழும்புக்கு வர ஆமி தரும் பாஸுக்கு வவுனியாவில் நாட்கணக்காய்க் காத்துக் கிடந்து, ஒரு பையோடு, தாடியோடு, "அக்கா" என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டேன். சோறு போட்டேன். என் மனுசன் உடுக்கத் தன்னுடைய சாரத்தை எடுத்துக் கொடுத்தார். ஞாயிறு பூசைக்குப் போனபோது, "உம்மை அப்படி ஒதுக்கின ஆக்களுக்கும் இடம் குடுத்திருக்கிறீரே" என்று கோயில் பெண்கள் புகழ்ந்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆண்டவரே, எப்படிப்பட்ட கிறிஸ்தவள் நான்!

வீட்டுக்குள்ளே கதை வேறு. "சாப்பாடு மேசையில இருக்கு", "தண்ணி பத்து மணியோட நிண்டிடும்", இதற்குமேல் அவனோடு நான் ஒரு சொல் கதைக்கவில்லை. அவன் முகத்தையும் நேரே பார்க்கவில்லை. வந்து நாலாம் நாள் அவன் பெயரைச் சேர்க்க நான்தான் பொலிஸுக்குப் போனேன். சிங்களம் சரளமாக வரும் என்பதாலும், பெண்கள் போனால் கரைச்சல் குறைவு என்பதாலும் அந்த வேலை எப்போதும் என்னுடையது. புதுக் கடதாசி தந்தார்கள். முதல் வரியில் என் மனுசனின் பெயர். இரண்டாவதில் என் பெயர். எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை. மூன்றாவது வரிக்குப் பேனை வந்ததும் என் கை நின்றது. இவன் ஒரு சொல், ஒரே ஒரு சொல் அம்மாவைப் பற்றிக் கேட்டானா? "அக்கா, பிழை விட்டிட்டன்" என்றானா? வாயைத் திறந்து கேட்கட்டும், பிறகு எழுதுவோம் என்று நினைத்தேன். இரண்டு பெயரோடு கடதாசியை நீட்டினேன். சீலைக் குத்தித் தந்தார்கள்.

பின்னேரம் மனுசன் வந்து, "தம்பியின்ர பேரையும் போட்டிட்டீரோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

ஒரு கிழமை கழித்து, காலை பத்து மணியிருக்கும், எங்கள் ஒழுங்கையை இரண்டு பக்கமும் மறித்துவிட்டு வீடு வீடாக வந்தார்கள். நகரத்தில் முதல்நாள் குண்டு வெடித்திருந்தது. மனுசன் துறைமுகப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். தம்பி குசினியில் எனக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தான். நான் கேட்காமலே இப்படி ஏதாவது செய்துகொண்டிருப்பான். அதுகூட எனக்கு எரிச்சல்தான்.

வந்த பொலிஸ்காரர் கடதாசியைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார். "இதில் இரண்டு பேர். இது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"என்ர தம்பி."

"எப்ப வந்தவர்?"

"நேற்று" என்றேன். பொய் அப்படி வழுக்கிக்கொண்டு வந்தது. தம்பியின் பாஸை வாங்கிப் பார்த்தார். பதினொரு நாளுக்கு முந்தின திகதி. கடதாசியைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு கிழமைக்கு முந்தின சீல். "அப்ப இவர் வந்த பிறகுதானே இதைப் பதிந்திருக்கிறீர்கள்? ஏன் இவர் பெயர் இல்லை?" என்று என்னைக் கேட்டார். குரல் மாறிவிட்டது. மற்ற இரண்டு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

தம்பிக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் பொலிஸ்காரரின் விரல் கடதாசிக்கும் தன் முகத்துக்கும் போய்வந்ததில் விஷயம் விளங்கிவிட்டது. கையில் ஒட்டிய தேங்காய்ப்பூவைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தான். தனக்குத் தெரிந்த பள்ளிக்கூட இங்கிலீஷில், "அக்காவில் பிழையில்லை, பதிய வேண்டாமென்று நான்தான் சொன்னேன்" என்றான்.

அந்த நாளில் ஒரு தமிழ்ப் பெடியன் பொலிஸுக்கு முன்னால் சொல்லக்கூடாத வசனம் ஒன்று உண்டென்றால் அது அதுதான். மறைந்திருக்க வந்தவன் என்று தன் வாயாலேயே சொன்ன மாதிரி. அதை மறுக்க எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. சிங்களமும் இருந்தது. நாலு வீட்டுக்குக் கேட்கச் சண்டை பிடிக்கிற இந்த வாய் திறக்கவே இல்லை. பயம். என்னையும் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம். அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

மனுசன் ஓடி வந்தார். "மறந்துபோனன்" என்று அவரிடம் அழுதேன். அவர் சத்தம் போடத் தெரியாத மனிதர். "ஓமெண்டு சொன்னீரே" என்று மட்டும் கேட்டார். பிறகு சப்பாத்தையும் கழற்றாமல் திரும்பிப் போனார், தெரிந்தவர் தெரியாதவர் காலையெல்லாம் பிடிக்க. பொலிஸில் கேட்டால் வேறு இடத்துக்கு மாற்றியாயிற்று என்றார்கள். எங்கே என்று சொல்லவில்லை.

அடுத்து நான் ஆண்டவரோடு பேரம் பேசத் தொடங்கினேன். எங்கள் பக்கத்துச் சனத்துக்கு, சைவமென்ன வேதமென்ன, இது கைவந்த வித்தை. பதின்மூன்று செவ்வாய்க்கிழமை நவநாள் நேர்ந்தேன். தலைக்கு எண்ணெய் இல்லை. மச்ச மாமிசம் இல்லை. கோயில் வாசலிலிருந்து பீடம் மட்டும் முழங்காலில். முழங்கால் தோல் உரிந்து, சட்டையில் இரத்தம் ஒட்டும். "பாரும், எவ்வளவு செய்கிறேன், தம்பியைத் தாரும்" என்று கேட்பேன். ஒன்றும் நடக்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பா.

ஆட்களைத் தடுத்து வைத்திருந்த ஒவ்வோர் இடமாகப் போய் வரிசையில் நிற்பேன். சாரம், சவர்க்காரம், விசுக்கோத்து வைத்துக் கட்டிய பார்சல். மேலே ஆளின் பெயரைப் பெரிதாக எழுத வேண்டும். தமிழில் ஒருதரம், சிங்களத்தில் ஒருதரம், இங்கிலீஷில் ஒருதரம். ஒரு தரம் எழுத மனமில்லாதவள் இப்போது ஒவ்வொரு நாளும் மூன்று தரம் எழுதினேன். கேற்றில் இருப்பவர் உள்ளே ஒரு கொப்பியைப் பார்த்துவிட்டு வந்து, "இந்தப் பெயரில் ஆள் இல்லை" என்று பார்சலைத் திருப்பித் தருவார். அந்தச் சொல்லை முதல்நாள் கேட்டபோது வரிசையிலேயே தரையில் குந்திவிட்டேன். ஜிந்துப்பிட்டியிலிருந்து வருகிற ஒரு தாய், நெற்றி நிறைய விபூதியோடு, எனக்குப் பின்னால் நிற்பவள், தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவளுடைய ஒரே மகனைக் கொண்டுபோய் மூன்று மாதம். அவள் பார்சலும் திரும்பித்தான் வந்தது.

மூன்றாவது கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த சுவாமி, என்னைவிட எட்டு வயசாவது இளசு. மூக்கடைப்போடு இருந்தார்.

"தம்பியைக் காட்டிக் குடுத்திட்டன், சுவாமி."

"பொலிஸில சொன்னீங்களா?"

"இல்லை. பேரை எழுதாமல் விட்டன்." எல்லாவற்றையும் கொட்டினேன். சந்தையில் நின்று குழறியது, மூன்றாவது வரி, "ஓம்" என்ற பொய், வாய் திறக்காமல் நின்றது. மனுசனுக்குச் சொல்லாததை அந்தப் பெடியனுக்குச் சொன்னேன்.

சுவாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாவத்துக்கு அபராதமா ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கோ, மகளே" என்றார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "ஒண்டோ?"

"ஒண்டு."

"சுவாமி, அவன் உயிரோட இருக்கிறானோ எண்டு தெரியாது. ஒண்டு காணுமோ? ஒரு மாசம் ஒரு நேரச் சாப்பாட்டோட ஒருசந்தி இருக்கச் சொல்லுங்கோ. என்னவாவது பெரிசாச் சொல்லுங்கோ."

"நீங்கள் முழங்காலில நடக்கிறதைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். அதால உங்கட பாரம் குறைஞ்சுதா?"

"இல்லை."

"ஆண்டவர் மன்னிச்சிட்டார். சும்மா தாறதை வாங்க உங்களுக்கு ரோசம் விடுதில்லை. அவ்வளவுதான். சமாதானமாப் போங்கோ."

மீசை முளைக்காதது எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டது என்று திட்டிக்கொண்டே போய் மர வாங்கில் முழந்தாளிட்டேன். ஒரு பரலோக மந்திரம். "எங்கள் பிதாவே" என்று தொடங்குகிற சின்னச் செபம், மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிடலாம். தொடங்கினேன். எங்களுக்குப் பிழை செய்தவர்களை நாங்கள் பொறுக்கிற மாதிரி எங்களையும் பொறுத்தருளும் என்று கேட்கிற இடம் வந்தது. நாக்கு நின்றுவிட்டது.

நான் தம்பியைப் பொறுத்த மாதிரியா? சோற்றைப் போட்டு, முகத்தைப் பாராமல், பெயரை எழுதாமல் விட்ட மாதிரியா? ஆண்டவர் என்னை அந்தக் கணக்கில் பொறுத்தால் என் கதி என்ன? திரும்பத் தொடங்கினேன். அதே இடத்தில் நின்றது. அன்றைக்கு எத்தனை தரம் தொடங்கினேனோ தெரியாது. கோயில் பூட்டுகிறவர் வந்து, "அம்மா, நேரமாச்சு" என்றார். முடிக்காமல்தான் வெளியே வந்தேன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சின்ன அபராதம். அதைச் செய்ய எனக்கு வக்கில்லை. அன்றைக்கு றோட்டில் நடக்கும்போதுதான் முதல்தரம் பேரம் பேசாமல், "ஆண்டவரே, என்னிடம் ஒன்றும் இல்லை, இரங்கும்" என்று மட்டும் அழுதேன்.

வீட்டுக்கு வந்து மனுசனுக்கு உண்மையைச் சொன்னேன். அவர், "அப்ப பொலிஸுக்கும் சொல்லத்தான் வேணும். நானும் வாறன்" என்றார். என்னை ஏசினாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தேன். தலை நரைத்த ஒரு அதிகாரி எழுதினார். "மறந்துவிட்டீர்கள் என்று எழுதுவோமா, நோனா?" என்று அவராகவே வழி காட்டினார். நான் இல்லை என்றேன். தம்பி சொன்னது பொய், என்னைக் காப்பாற்றச் சொன்னது, அவனோடு கோபத்தில் நான்தான் வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன் என்றேன். "இதற்கு உங்களையும் உள்ளே வைக்கலாம், தெரியுமா?" என்றார். "வையுங்கோ" என்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எழுதி முடித்து, கையெழுத்து வாங்கி, "வீட்டுக்குப் போங்கள்" என்றார். அங்கேயும் அபராதம் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகும் பார்சல் திரும்பி வந்தது. பத்து நாள், பன்னிரண்டு நாள். நம்பிக்கை விட்டுப்போயிற்று. பிணவறையில் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள், மனுசன் போனார், நான் வெளியே நின்றேன். இல்லை என்று வந்து சொன்னபோது சந்தோசப்படுவதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை, கேற்றில் பார்சலை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. நான் விளங்காமல் நின்றேன். ஜிந்துப்பிட்டித் தாய்தான், "பிள்ளை, எடுத்திட்டாங்க! ஒங்க தம்பி உள்ள இருக்கு!" என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அடுத்த நிமிஷம் அவளுடைய பார்சல் திரும்பி வந்தது. அதை நெஞ்சோடு அணைத்தபடி எனக்காகச் சிரித்தாள். அவள் என்ன குறை செய்தாள்? யாருடைய பெயரை எழுதாமல் விட்டாள்? இந்தக் கேள்விக்கு எந்தச் சுவாமியும் எனக்குப் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் நான் நன்றி சொல்லி முழந்தாளிடும்போது அவள் முகம்தான் முன்னுக்கு வருகிறது. என்னால் நிம்மதியாக நன்றி சொல்ல முடிவதில்லை.

தம்பியை விட்டார்கள். என் வாக்குமூலத்தால் விட்டார்களா, மனுசன் பிடித்த கால்களாலா, தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை. ஒரு மதியம், மனுசன்தான் முச்சக்கர வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தார். ஆள் பாதியாகிவிட்டான். வலது தோளைத் தூக்க ஏலாது. "குளிக்கப் போறியா?" என்றேன். "பசிக்குது" என்றான்.

சோறு போட்டேன். மேலே தேங்காய்ப்பால் சொதி விட்டேன். கை வாய்க்கு எட்டாததால் தலையைத் தட்டுவரை தாழ்த்தித் தாழ்த்திச் சாப்பிட்டான். மன்னிப்புக் கேட்க எத்தனையோ நாளாய்ச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றை நான் எடுக்குமுன் அவன்தான் தட்டைப் பார்த்தபடி கதைத்தான்.

"அக்கா, அம்மான்ர அலுவலில நான் செய்தது பிழை. உன்ர முகத்தில என்னெண்டு முழிக்கிறதெண்டு வவுனியாவில இருந்து யோசிச்சுக்கொண்டு வந்தனான். நீ ஒரு சொல் கேக்கேல்லை. கதவைத் திறந்தாய், சோத்தைப் போட்டாய். இவள் என்னை மன்னிச்சிட்டாள் எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கிச்சுது. அதுதான் பொலிஸ் உன்னை வெருட்டேக்க என்ர வாயில அப்பிடி வந்திட்டுது. பேரை எழுத மறக்கிறது ஆருக்கும் வாறதுதானே."

மனுசன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தலையை மெதுவாக ஆட்டினார், விடும், சொல்ல வேண்டாம் என்கிற மாதிரி. விட்டிருக்கலாம். தம்பியும் நிம்மதியாக வெளிநாடு போயிருப்பான், நானும் மன்னித்த அக்காவாகவே இருந்திருப்பேன். நான் கொடுக்காத ஒன்றை நான் கொடுத்ததாக எண்ணித்தான் அவன் தன்னைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அதை வைத்துக்கொண்டு எப்படி இருக்கிறது?

"தம்பி, நான் மறக்கேல்லையடா" என்றேன். "உன்னில இருந்த கோவத்தில வேணுமெண்டுதான் எழுதாமல் விட்டனான். அண்டைக்கு நீ என்னைக் காப்பாத்தேக்க, அது தெரிஞ்சுகொண்டுதான் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான்."

அவன் கை சோற்றில் அப்படியே நின்றது. எங்கள் ஆட்களில் ஒருவன் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிவிட்டு எழும்பினால் அந்த வீட்டு உறவு அதோடு முடிந்தது என்று அர்த்தம். அப்பாவும் அப்படித்தான், என் கலியாணப் பேச்சு எடுத்த அன்று எழும்பிப் போனவர். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தெருவில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான், போய் முடிந்தும் விட்டான். தம்பியின் கண்ணிலிருந்து தண்ணீர் சோற்றுக்குள் விழுந்தது. அவன் துடைக்கவில்லை.

"சொதி இன்னும் கொஞ்சம் விடக்கா" என்றான்.

விட்டேன். பாதி மேசையில் சிந்தியது. அவன் எழும்பவில்லை.